காப்பிச் செடியும் அதன் சுற்றமும்

(நமது கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் முகாமில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா மேடையில் கல்வியைப் பற்றிப் பேசலாம், வேலைவாய்ப்பைப் பற்றிப் பேசலாம்; செடிகொடிகளைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். இம்மேசையின் மீது எட்டுச் செடிகளைப் பரப்பி வைத்திருக்கிறோம். நுணா, காரை, மருக்காரை, பாவட்டை, நீர்க்கடம்பு, வேலியோரத்து வெட்சி, வேரோடு பிடுங்கி வந்த நத்தைச்சூரி ஆகிய ஏழும் இன்று காலையில் நம் ஊர் ஏரிக்கரையிலும் தரிசிலும் கரட்டடியிலும் கிடைத்தவை. எட்டாவது, மலைத்தோட்டத்தில் வேலை செய்யும் நம் உறவினர் ஒருவர் கொணர்ந்த காப்பிக் கிளை.

இவற்றுள் ஒன்று மரம், ஒன்று முட்புதர், ஒன்று காலில் மிதிபடும் களை. ஆயினும் எட்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இதனை நாம் சொல்வதற்காக நீங்கள் ஏற்க வேண்டா. இவ்வுரை முடிவதற்குள் ஒவ்வொருவரும் ஒரு கிளையைக் கையில் எடுத்து, உங்கள் கண்ணாலேயே கண்டு தெளிய வேண்டும் என்பதே நம் விருப்பம்.

ஒரு நிகழ்ச்சி

சில ஆண்டுகளுக்கு முன்னர், நம் மாலை வகுப்புப் பிள்ளைகளை அருகிலுள்ள கரட்டுக்கு அழைத்துச் சென்றோம். வழி நெடுகிலும் காரைப்பழம் பழுத்திருந்தது. பிள்ளைகள் பறித்துத் தின்றனர், நாமும் தின்றோம். பின்னால் வந்த சிறுவன் ஒருவன், வேறொரு முட்செடியில் மஞ்சளாகத் தொங்கிய சற்றுப் பெரிய பழத்தையும் காரை வகையென்றே எண்ணிக் கடித்துவிட்டான். சிறிது நேரத்தில் குடல் வெளியே வந்துவிடுமோ என்று அஞ்சும்படி வாந்தி எடுக்கத் தொடங்கினான். உடன் சென்ற ஆசிரியர்களாகிய நமக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பட்டம் பெற்றவர் நால்வர் அங்கே இருந்தோம். அது இன்ன பழம் என்று சொல்ல ஒருவராலும் இயலவில்லை.

அவ்விடத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த நம் தெருப் பாட்டி ஒருவர் ஓடி வந்தார். சிறுவன் கையில் எஞ்சியிருந்த பாதிப் பழத்தை வாங்கிப் பிளந்து பார்த்தார். "இது காரை இல்லே தம்பி, மருக்காரை. காரையிலே ரெண்டே கொட்டைதான் இருக்கும். இதிலே எண்ண மாட்டாம வெதை கெடக்குது. தலையிலே கொண்டை நிக்குது பாரு. வாந்திக்குக் குடுக்கிற காய் இது; சீக்கிரம் ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுங்க" என்றார். அவ்வாறே ஓடினோம். மருத்துவரிடம் பழத்தின் பெயரைச் சொல்ல முடிந்தது. சிறுவன் அன்றிரவே தேறினான்.

அன்று வீடு திரும்பிய பின்னர் நெடுநேரம் எண்ணிப் பார்த்தோம். அப்பாட்டி எழுத்தறியாதவர். ஆயினும் அவர் செய்தது என்ன? கனியைப் பிளந்தார், விதையை எண்ணினார், கனியின் தலையில் எஞ்சி நின்ற புல்லிகளைக் கண்டார், இவற்றைக் கொண்டு முடிவு கூறினார். தாவரவியல் பேரறிஞர் செய்வதும் இதுவேயாகும். அவ்வறிவை நாம் பள்ளியில் கற்கவில்லை. வீட்டிலும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அந்தக் குறையைப் போக்கும் சிறு முயற்சியே இன்றைய பேச்சு.

முதலில் இலையைப் பாருங்கள்

காப்பிக் குடும்பத்தைத் தாவரவியலார் 'ரூபியேசி' என்று அழைக்கின்றனர். உலகெங்கும் ஏறத்தாழ 13,000 இனங்கள் இதில் உண்டு. பூக்கும் தாவரக் குடும்பங்களுள் அளவில் நான்காவது இடம் இதற்கு உரியது. இவ்வளவு பெரிய கூட்டத்தை எவ்வாறு அடையாளம் காண்பது? பூவும் காயும் எல்லாக் காலத்திலும் இரா. இலையோ பெரும்பாலும் இருக்கும். ஆகவே இலையிலிருந்து தொடங்குவோம்.

காப்பிக் கிளையைக் கையில் எடுங்கள். இலைகள் இரண்டிரண்டாக, ஒரே கணுவில் எதிரெதிரே நிற்கின்றன. ஒவ்வோர் இலையும் பிளவுபடாத தனி இலை. வேம்பைப் போலச் சிற்றிலைகளாகப் பிரியவில்லை. விளிம்பை விரலால் தடவினால் செம்பருத்தி இலையில் உள்ளது போன்ற பற்கள் தட்டுப்படமாட்டா. எதிரிலை, தனி இலை, பல்லில்லா விளிம்பு ஆகிய இம்மூன்றையும் முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். ஆனால் இவை மட்டும் போதா. எதிரிலை உடைய செடிகள் வேறு குடும்பங்களிலும் பல உண்டு.

உறுதியான சான்று கணுவில் இருக்கிறது. இரண்டு இலைக்காம்புகளும் தண்டைத் தொடும் இடத்தை உற்று நோக்குங்கள். ஒரு காம்புக்கும் எதிர்க் காம்புக்கும் இடையே, தண்டின் இரு பக்கங்களிலும், கூர்நுனியுள்ள சிறு முக்கோணம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதுவே இலையடிச் செதில். செம்பருத்தியில் ஒவ்வோர் இலைக்காம்பின் இரு பக்கத்திலும் செதில்கள் தனித்தனியே நிற்கும். காப்பிக் குடும்பத்திலோ எதிரெதிர் இலைகள் இரண்டும் தத்தம் செதில்களைக் காம்புகளின் இடையில் ஒன்றாக இணைத்து வைத்துள்ளன. இதனைக் 'காம்பிடைச் செதில்' என்பர். கிளை நுனிக்கு அருகிலுள்ள இளங்கணுவில்தான் இதனைத் தேட வேண்டும். முதிர்ந்த கணுவில் செதில் உதிர்ந்து போயிருக்கலாம். அப்பொழுதும் இரு காம்புகளையும் இணைக்கும் மெல்லிய கோடாக அதன் வடு எஞ்சி நிற்கும்.

செதிலின் உருவம் செடிக்குச் செடி வேறுபடும். நீர்க்கடம்பில் அது சிற்றிலை போல அகன்று, நுனி மொட்டைப் பொதிந்து காக்கிறது. நத்தைச்சூரியில் கணுவைச் சுற்றிச் சிறு கிண்ணம் போல் அமைந்து, விளிம்பில் மயிர்கள் போன்ற முட்களைத் தாங்கி நிற்கிறது. களையெடுக்கும் நம் தாய்மார்கள் கைக்கு இம்மயிர்கள் பழக்கமானவையே. அவற்றிற்குப் பெயர்தான் இதுவரை சொல்லப்படவில்லை. நீலகிரி, பழனி மலைகளில் படரும் மஞ்சிட்டிக் கொடியில் ஒரு கணுவில் நான்கு இலைகள் வட்டமாக நிற்கும். அவற்றுள் இரண்டே உண்மையான இலைகள். மற்ற இரண்டும் இலையாகவே வளர்ந்துவிட்ட செதில்கள்.

இன்னும் சில சிறு குறிகளையும் நினைவிற் கொள்ளலாம். காரைச் செடியின் முட்கள் இலைகளைப் போலவே எதிரெதிராக, இலைக்கோணத்திற்கு மேலே நிற்கும். பாவட்டை இலையை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்தால் ஆங்காங்கே கரும்புள்ளிகள் தெரியும். அது நோயன்று, இலைக்குள் குடியிருக்கும் நுண்ணுயிர்களின் உறைவிடம். காப்பி இலையின் அடிப்புறத்தில் நடுநரம்போடு கிளைநரம்புகள் கூடும் மூலைகளில் நுண்குழிகள் இருக்கும். கைக்கண்ணாடி கொண்டு பாருங்கள்.

அடுத்துப் பூவைப் பாருங்கள்

பூவைக் கண்டால் நாம் அனைவரும் அதன் நிறத்தையே முதலில் பார்க்கிறோம். இனங்காண விரும்புவோர் பூவின் அடியைப் பார்க்க வேண்டும். பூசணிக் கொடியில் பெண்பூ எங்கே இருக்கிறது? பிஞ்சின் தலையில் அமர்ந்திருக்கிறது. கத்தரியிலோ பிஞ்சு பூவுக்குள்ளே பிறக்கிறது. அதனால்தான் கத்தரிக்காயின் காம்புப் பக்கத்தில் புல்லி வட்டம் குல்லாய் போல நிற்கிறது. காப்பிக் குடும்பம் இந்த வகையில் பூசணியின் வழியைப் பின்பற்றுகிறது. சூற்பை கீழே, புல்லியும் அல்லியும் அதன் மேலே. ஆகவே காய் முதிர்ந்தபின் புல்லியின் தழும்போ கொண்டையோ காயின் தலைப்புறத்தில் காணப்படும். பாட்டி சுட்டிக் காட்டிய கொண்டை இதுவேயாகும்.

இரண்டாவது குறி, அல்லிகள் அடியில் ஒன்றாக இணைந்து குழலாக இருப்பது. குழலின் வாயில் நான்கு அல்லது ஐந்து மடல்கள் விரியும். மூன்றாவது குறி, மகரந்தத் தாள்களின் எண்ணிக்கை. மடல் நான்கானால் தாளும் நான்கு; மடல் ஐந்தானால் தாளும் ஐந்து. அவை குழலின் உட்சுவரிலேயே, மடலுக்கும் மடலுக்கும் இடைப்பட்ட இடங்களில் ஒட்டியிருக்கும்.

நம் வீட்டு வாசலில் நிற்கும் வெட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் இதனை இட்லிப்பூ என்பர். பழந்தமிழர் இப்பூவின் பெயரால் ஆநிரை கவரும் போருக்கு வெட்சித் திணை என்று பெயர் வைத்தனர். நீண்ட மெல்லிய குழல், நான்கு மடல்கள், மடல்களின் இடையே நான்கு தாள்கள். குழலைப் பிடுங்கி அடியிலுள்ள தேனை உறிஞ்சாத பிள்ளை நம் தெருவில் உண்டோ? பாவட்டையிலும் நான்கு மடல்களே. நிறம் மட்டும் வெண்மை. ஆனால் பாவட்டைப் பூவில் சூல்தண்டு ஊசி போல வெகுதூரம் வெளியே நீண்டிருக்கும். பூங்கொத்து முழுவதும் ஊசி செருகிய பஞ்சு போலத் தோன்றும். இவ்விரண்டையும் பிரித்தறிய இதுவே எளிய வழி.

காரையின் பூ சிறியது. பசுமை கலந்த மஞ்சள் நிறமும் நான்கு மடல்களும் உடையது. மருக்காரையின் பூ பெரியது; ஐந்து மடல்களுடன் வெண்மையாக விரிந்து, வாடும்போது மஞ்சளாக மாறும். காயில்லாத காலத்தில் இவ்விரு முட்செடிகளையும் பூவைக் கொண்டே பிரித்துவிடலாம்.

நீர்க்கடம்பிலும் வெண்கடம்பிலும் நூற்றுக்கணக்கான சிறு பூக்கள் ஒன்றுசேர்ந்து பந்தாகின்றன. நாம் கடம்பம்பூ என்று சொல்வது ஒரு பூவன்று, ஓர் ஊர். நுணாவிலும் பூக்கள் தலையாகத் திரள்கின்றன. ஆனால் அங்கே பூக்களின் சூற்பைகளே ஒன்றோடொன்று ஒட்டிவிடுகின்றன. மலைச்சாரலில் வளரும் வெள்ளிமடந்தையில் சில பூக்களின் ஒரே ஒரு புல்லி மட்டும் வெள்ளை இலையாகப் பெருத்துவிடும். தொலைவிலிருந்து பார்ப்போர் அதனையே பூ என்று எண்ணுவர். உண்மைப் பூவோ அதன் அருகில் மஞ்சட்செந்நிறத்தில் சிறிதாக இருக்கும்.

இனிக் காப்பிப் பூ. பங்குனி, சித்திரையில் ஒரு மழை பெய்தால் எட்டுப் பத்து நாளில் தோட்டம் முழுவதும் ஒரே சமயத்தில் வெள்ளையாகப் பூத்து, மல்லிகைபோல் மணக்கும். இந்த ஒற்றுமை அறிஞர்களையும் மயக்கியது. பிரெஞ்சு நாட்டுத் தாவரவியலாளர் அந்துவான் த ழுசியே என்பார் 1713ஆம் ஆண்டில் காப்பிச் செடியை ஆராய்ந்து, அதனை அராபிய மல்லிகை என்றே வகைப்படுத்தினார். பின்னர் 1737இல் லின்னேயசு என்பார்தான் அதனை மல்லிகையினின்றும் பிரித்துக் 'காபியா' என்னும் தனிப் பேரினமாக்கினார். மல்லிகைக்குத் தாள்கள் இரண்டே. சூற்பை பூவின் உள்ளே இருக்கும். காப்பிக்குத் தாள்கள் ஐந்து. சூற்பை பூவின் கீழே இருக்கும். மணத்தை நம்பினால் தவறலாம். எண்ணிப் பார்த்தால் தவறுவதற்கு இடம் குறைவு.

பின்னர்க் காயைப் பாருங்கள்

இக்குடும்பத்தின் காய்களை நான்கு வகையாகப் பிரித்துக்கொண்டால் நினைவில் வைத்துக்கொள்வது எளிது.

முதல்வகை, இரு கொட்டைகள் கொண்ட சதைக்கனி. காப்பி, வெட்சி, பாவட்டை, காரை ஆகியவை இவ்வகை. சிவந்த காப்பிப் பழத்தைப் பிதுக்கினால் இரண்டு கொட்டைகள் தட்டைப் பக்கம் ஒன்றையொன்று நோக்கியபடி இருக்கும். தட்டைப் பக்கத்தின் நடுவில் ஒரு பள்ளம் ஓடும். சில பழங்களில் ஒரு விதை மட்டுமே வளர்ந்து உருண்டையாகிவிடும். அராபிகா வகை பூத்த எட்டு ஒன்பது மாதங்களிலும், ரொபஸ்டா வகை பத்துப் பதினொரு மாதங்களிலும் பழுக்கின்றன. வெட்சி, பாவட்டைப் பழங்கள் முதிரும்போது கறுக்கும். காரைப்பழம் மஞ்சளாகும்.

இரண்டாவது வகை, பல விதைகள் கொண்ட சதைக்கனி. மருக்காரை இவ்வகை. மஞ்சள் நிறம், சிறு கொய்யாவின் தோற்றம், தலையில் கொண்டை, உள்ளே சதையில் புதைந்த பல விதைகள் ஆகியவை இதன் அடையாளம். இக்காயை நசுக்கிக் குட்டையிலிட்டு மீன்களை மயக்கிப் பிடிக்கும் வழக்கம் பழையது. மருந்தாகும் பொருள் அளவு தெரியாதவர் கையில் நஞ்சாகும் என்பதற்கு இதுவே எடுத்துக்காட்டு.

மூன்றாவது வகை, உலர்ந்து வெடிக்கும் காய். நீர்க்கடம்பு, நத்தைச்சூரி, சாயவேர்ச் செடி, சின்கோனா ஆகியவை இவ்வகை. நத்தைச்சூரியின் முற்றிய காயைப் பிளந்து விதையைக் கைக்கண்ணாடியின் கீழ் வையுங்கள். ஒரு பக்கம் குவிந்து, மறுபக்கம் பள்ளம் ஓடிய அந்த விதை, எறும்புக்கென்று செய்த காப்பிக்கொட்டை போலவே இருக்கும்! இவ்விதையை வறுத்துப் பொடித்துக் காப்பிக்கு மாற்றாகப் பயன்படுத்தியதும் உண்டு. உறவு என்று நாம் சொன்னது வெறுஞ்சொல் அன்று என்பதனை இந்த ஒரு விதையே காட்டும்.

நான்காவது வகை, பல பூக்களின் சூற்பைகள் ஒட்டி உண்டான கூட்டுக்கனி. நுணா இவ்வகை. நுணாக்காயின் மேல் தெரியும் ஒவ்வொரு கண்ணும் ஒரு பூ இருந்த இடம். பச்சைக்காயில் ஈர்க்கைச் செருகித் தேர் செய்து ஓட்டிய நம்மில் எத்தனை பேர் இதனை அன்றே எண்ணிப் பார்த்தோம்? அடிமரத்தை வெட்டினால் உட்புறம் மஞ்சளாக இருப்பதால் இதற்கு மஞ்சணத்தி என்றும் பெயர்.

உறவுபோல் தோன்றும் அயலார்

தோற்றத்தால் மயங்கக்கூடிய சிலவற்றையும் சொல்லிவிடுகிறோம். நந்தியாவட்டைக்கும் எதிரிலை, வெள்ளைக் குழற்பூ. ஆனால் இலையைக் கிள்ளினால் பால் வடியும். சூற்பை பூவின் உள்ளே இருக்கும். ஆகவே அது அரளியின் சுற்றம். துளசிக்கும் எதிரிலை உண்டு. கணுவில் காம்பிடைச் செதில் இல்லை. கொய்யாவுக்கும் எதிரிலை உண்டு. காயின் தலையில் கொண்டையும் உண்டு. ஆனால் காம்பிடைச் செதில் இல்லை. பூவில் தாள்கள் எண்ணிலடங்கா. நசுக்கினால் இலை மணக்கும். ஆகவே அது நாவலின் சுற்றம். மருதாணியும் எதிரிலை உடையது, சாயமும் தருவது. எனினும் செதிலும் சூற்பையும் அதனை வேறு குடும்பம் என்று காட்டிவிடுகின்றன.

பெயரும் நம்மை ஏமாற்றும். ஆற்றோரத்தில் செந்நிறப் பூச்சரங்களைத் தொங்கவிடும் செங்கடம்பு, பெயரில் கடம்பாயினும் காப்பிக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. அதன் இலைகள் எதிரெதிராக நிற்பதில்லை. பூக்களும் பந்தாகத் திரள்வதில்லை. ஒரு குறியை மட்டும் கண்டு முடிவு கூறுவது தவறு. எதிரிலை, காம்பிடைச் செதில், கீழ்ச் சூற்பை ஆகிய மூன்றும் சேர்ந்து சாட்சி சொன்னால்தான் தீர்ப்பு எழுத வேண்டும்.

இக்குடும்பமும் நம் முன்னோரும்

ரூபியேசி என்னும் பெயர் மஞ்சிட்டியின் பேரினப் பெயராகிய 'ரூபியா' என்பதிலிருந்து வந்தது. சிவப்பு என்னும் பொருள்படும் இலத்தீன் சொல்லே அதற்கு வேர். மஞ்சிட்டி வேரிலும், ஐரோப்பாவில் பயிரிடப்பட்ட அதன் உறவுச் செடியின் வேரிலும் சிவப்புச் சாயம் கிடைத்தது. நம் கிழக்குக் கடற்கரை மணலில் அதே பணியைச் செய்தது இம்பூறல் என்றும் பெயர் பெற்ற சாயவேர். ஒரு சாண் உயரச் செடி, குறுகிய இலை, நான்கு மடல் வெள்ளைப் பூ, செந்நிற வேர்ப்பட்டை. படிகாரம் தோய்த்த பருத்தித் துணியில் இவ்வேரின் சாயம் ஏறினால் எத்தனை வெளுப்புக்கும் அசையாது. சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய வண்ணத் துணிகளின் சிவப்பு, பெரிதும் இவ்வேர் தந்த சிவப்பே. துணிக்குப் புகழ் கிடைத்தது; வணிகருக்குப் பொருள் கிடைத்தது. வெயிலில் மணலைக் கிளறி, மயிரிழை போன்ற வேரை அறாமல் எடுத்தவர்களின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை. 1868ஆம் ஆண்டில் இச்சாயப் பொருளைச் செருமானிய வேதியியலார் செயற்கையாகச் செய்துவிட்டனர். அதன்பின் அத்தொழிலும் நலிந்து போயிற்று.

காப்பியின் கதையும் இத்தகையதே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கை மலைநாட்டில் காப்பித் தோட்டங்கள் பெருகியபோது, தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களிலிருந்து ஏழை மக்கள் கால்நடையாகவும் படகிலும் அங்கே சென்றனர். அவர்களுள் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதியினர். பசியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே மாண்டோர் பலர். 1869இல் இலைத்துரு நோய் அங்கே கண்டறியப்பட்டது. காப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் பொடியாகப் படியும் பூஞ்சை அது. சில ஆண்டுகளில் காப்பி வீழ்ந்து, தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. இலையின் அடியில் படிந்த ஒரு பொடி, நம் மக்கள் பல்லாயிரவரின் வாழ்வைத் திசைதிருப்பியது. இலையின் அடிப்புறத்தையும் பார்க்கப் பழகுங்கள் என்று நாம் வற்புறுத்துவதன் காரணம் இப்பொழுது விளங்கும்.

சேர்வராயன் மலையிலும், நீலகிரியிலும், ஆனைமலையிலும், பழனி மலைச்சரிவிலும் காப்பி பறித்த கைகளுள் நம்மவர் கைகள் பல. பறித்த கை மலையிறங்கி வந்து காப்பி கேட்டபோது, அதற்குத் தனிக் குவளையை நீட்டிய கடைகள் இருந்தன. 1955ஆம் ஆண்டுச் சட்டம் அதனைக் குற்றமாக்கிய பின்னரும் அவ்வழக்கம் பல ஊர்களில் தொடர்ந்தது. கொட்டையைத் தொட்டபோது தீட்டில்லை. குவளையைத் தொட்டால் தீட்டு! இவ்வநீதியை நாம் மறத்தலும் கூடாது. அதன் காரணமாகக் காப்பிச் செடியை நம் அறிவுக்கு அயலானதாக விட்டுவிடுதலும் கூடாது.

மலைக்காய்ச்சலுக்குக் கொயினா தந்த சின்கோனாவும் இக்குடும்பமே. 1820இல் பிரான்சில் அதன் பட்டையிலிருந்து கொயினாவைப் பிரித்தெடுத்தனர். 1860களில் தென்னமெரிக்காவிலிருந்து நீலகிரிக்குக் கொணர்ந்து நட்டனர். நடுவட்டத்தில் கொயினா ஆலையும் நடந்தது. அதே நீலகிரியில் வாழ்ந்த அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914), சித்த மருத்துவராகவும் விளங்கியவர் என்பதனை இங்கே நினைவுகூர்வோம். செடியறிவும் எழுத்தறிவும் நம்மவர் கையில் ஒருங்கே இருந்தமைக்கு அவரே சான்று.

நாம் செய்ய வேண்டுவன

இளைஞர்களே! கேட்டுக் கலைந்துவிட்டால் பயனில்லை. நம் சங்க நூலகத்தில் ஊர்ச்செடிகளின் உலர்தாவரத் தொகுப்பு ஒன்றைத் தொடங்குவோம். செய்முறை எளிது. இலையும் பூவும் காயும் அமைந்த ஒரு முழ அளவுக் கிளையைச் செய்தித்தாள்களுக்கு இடையே பரப்பி, மேலே பாரம் வையுங்கள். நாள்தோறும் தாளை மாற்றுங்கள். பத்து நாளளவில் அது உலர்ந்துவிடும். பின்னர் கெட்டித்தாளில் தைத்து, பறித்த நாள், இடம், மண், செடியின் உயரம், பூவின் புதுநிறம் ஆகியவற்றை எழுதுங்கள். உலர்ந்தபின் நிறம் மாறிவிடும். ஆகவே நிறத்தை அன்றே குறிக்க வேண்டும். ஐயம் நேர்ந்தால் கோயம்புத்தூரிலுள்ள இந்தியத் தாவர மதிப்பாய்வு நிறுவனத்தின் பழைய தொகுப்போடு ஒப்பிட்டுத் தெளியலாம்.

மூன்று எச்சரிக்கைகளும் உண்டு. தெரியாத காயை நாவில் வைத்துச் சோதிக்கலாகாது. ஓரிரு செடிகளே உள்ள இடத்தில் பறிக்கலாகாது. மருந்துப் பயனை எழுதலாம். மருத்துவரின்றித் தாமே மருந்து செய்து உண்ணலாகாது.

இன்னொன்றை மிகவும் வலியுறுத்துகிறோம். பழைய தாவரத் தாள்களில் தொகுத்த அதிகாரியின் பெயர் இருக்கும். மரமேறிக் கிளை ஒடித்தவர் பெயரும், ஊர்ப்பெயரைச் சொல்லித் தந்தவர் பெயரும் பெரும்பாலும் இரா. நம் தாள்களில் அக்குறை நேரலாகாது. செடியின் ஊர்ப்பெயரைச் சொன்னவர் எவர், அவர் அதனை எவரிடம் கற்றார் என்று, அவர் இசைவு பெற்று எழுதுங்கள். உங்கள் பாட்டியையும் அத்தையையும் அழைத்துக்கொண்டு கரட்டுக்குச் செல்லுங்கள். அவர்கள் பெயர் சொல்லட்டும்; நீங்கள் கணுவைப் பாருங்கள், தாளை எண்ணுங்கள், காயைப் பிளந்து காட்டுங்கள். இருவர் அறிவும் சேரும் இடத்தில்தான் நம் கல்வி நிறைவடையும்.

அன்று மருக்காரையை நமக்கு அறிவித்த பாட்டி இப்பொழுது நம்மிடையே இல்லை. அவர் இருந்தபோதே அச்செடியின் கிளையை உலர்த்தித் தாளில் தைத்து வைத்தோம். "பெயர் கூறியவர்" என்னும் இடத்தில் அவர் பெயரை எழுதி அவரிடம் காட்டினோம். தம் பெயரை எழுத்தில் காணத் தெரியாத அவர், அது எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டு, அவ்விடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். நம் தொகுப்பின் முதல் தாள் அதுவேயாக இருக்கட்டும். அடுத்த தாள்களை நீங்கள் எழுதுங்கள்.

இப்பொழுது எழுந்து வாருங்கள். ஆளுக்கொரு கிளை எடுத்து, முதலில் கணுவைப் பாருங்கள்.